'ஃபிக்ஸ்': மூலமும் உரையும்

கோடில் செய்த மாற்றத்தைக் கிட் என்னும் மென்பொருளில் பதிகிறவர் (அந்தப் பதிவுக்குக் கமிட் என்று பெயர்), கூடவே ஒரு குறிப்பும் எழுத வேண்டும் என்பது மரபு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டைப் படைத்த பிறகு இதற்கு இலக்கணமும் அமைந்தது: முதல் வரி ஏறத்தாழ 50 எழுத்து, அடுத்து ஒரு வெற்று வரி, அதன்பின் காரணம். இலக்கணம் இருக்கட்டும். நாம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலம் ஒரே சொல்தான்: 'ஃபிக்ஸ்'.

என்ன மாறியது என்பதைக் கோடே வரிவரியாகக் காட்டிவிடும். ஏன் மாறியது என்பதைக் குறிப்புதான் சொல்ல வேண்டும். இந்தக் குறிப்பு சொல்லவில்லை. ஆகவே உரை தேவைப்படுகிறது. உரைகாரர்களுக்கும் பிழைப்பு ஓடுகிறது.

பாடபேதங்கள்: 'ஃபிக்ஸ் 2', 'ஃபைனல் ஃபிக்ஸ்', 'ஃபைனல் ஃபைனல்', 'ப்ளீஸ் வொர்க்'. கடைசியானது பக்தி இலக்கியம். தனியே ஆராயத் தக்கது.

காலம்: கமிட்டிலேயே நாளும் நேரமும் நொடி பிசகாமல் இருக்கின்றன. அதைப் படித்துத் தொலைத்தால் கருத்தரங்கு நடத்துவது எப்படி? நல்லவேளை, கிட் இரண்டு தேதிகளை வைத்திருக்கிறது. எழுதியவர் தேதி ஒன்று, பதிந்தவர் தேதி ஒன்று. ரீபேஸ் செய்தால் இரண்டாவது மட்டும் நகர்ந்துவிடும். இந்தச் சந்தில் புகுந்து முற்காலக் கட்சி, பிற்காலக் கட்சி இரண்டும் இன்றுவரை வாழ்கின்றன.

ஆசிரியர்: 'கிட் பிளேம்' கட்டளை ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் பெயரைச் சொல்லும். அது காட்டுவது ஒரு பயிற்சிப் பையனை. அவன் செய்ததெல்லாம் டேப்களை ஸ்பேஸ்களாக மாற்றியது. 'ஹைஃபன் டபிள்யூ' சேர்த்துக் கேட்டால் வெற்றிட மாற்றங்களைத் தள்ளிவிட்டு உண்மை ஆசிரியரைக் காட்டும். ஆனால் சந்தி பிரித்துப் பதிப்பித்தவர் பெயரே அட்டையில் பெரிதாக நிற்க வேண்டும் என்பது நம் பல்கலைக்கழக நெறி. எனவே ஆசிரியர் அந்தப் பையனே.

இனி மூலத்தின் பொருள். பேமென்ட் ஃபைலில் அந்த 'ஃபிக்ஸ்' சேர்த்தது ஒரே வரி: 300 மில்லி நொடி சும்மா இரு. பக்கத்தில் 'எடுக்காதே' என்றொரு கமென்ட். சர்வர் மூச்சு வாங்குகிறது என்பார் மூன்றாம் மாடி உரைகாரர். அல்ல, வங்கியின் பதில் தாமதமாக வருவதால் என்பார் ஐந்தாம் மாடியார் (காபி மெஷின் சொற்பொழிவு, இரண்டாம் கோப்பை). சும்மா இருத்தலே வீடுபேறு என்று சைவ சித்தாந்தம் காண்பவர் டெஸ்டிங் பிரிவுப் பெரியவர் (லிஃப்ட் வாய்மொழி மரபு, நாலாவது தளத்துக்கும் ஆறாவதுக்கும் இடைப்பட்ட பகுதி, கதவு திறந்ததால் எஞ்சியது சிதைவு). உண்மையில் எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார். அது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது.

ஸ்குவாஷ் மெர்ஜ்: இருபது கமிட்டை ஒன்றாக நசுக்குவது, ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன சுவடிகளுக்கு நிகர்.

ரிவ்யூ: பத்து வரி மாற்றத்துக்குப் பத்துத் திருத்தம், ஆயிரம் வரி மாற்றத்துக்கு 'லுக்ஸ் குட்'. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மதிப்பிடும் முறையும் இதுவே என்பதால் விரிவஞ்சி விடுத்தோம்.

அண்மையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அந்த வரியை எடுத்துவிட்டார். வாடிக்கையாளர் சிலரிடம் இரண்டு முறை பணம் பிடிக்கப்பட்டது. அன்றிரவே 'கிட் ரிவர்ட்' கொடுத்தார்கள். எந்தக் கமிட் திரும்பப் பெறப்படுகிறது என்பதை நாற்பது எழுத்து அடையாளத்தோடு கிட் தானே எழுதியது. அந்தக் களஞ்சியத்திலேயே தெளிவான குறிப்பு அதுதான். காரணத்தைச் சேர்ப்பதற்காக எடிட்டரையும் திறந்துவைத்துக் கிட் காத்திருந்தது. ரிவர்ட் கொடுத்தவர் அப்படியே சேமித்து மூடிவிட்டார். உரைகாரர் மூவருக்கும் உயிர் வந்தது. இரண்டாம் பதிப்பு அச்சில் இருக்கிறது.