இருட்டுத் திரையில் டார்ச் அடியுங்கள்

கேள்வி: அக்காவின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன். ஆன் செய்தால் தொடக்கச் சத்தம் கேட்கிறது. திரை மட்டும் கும்மிருட்டு. தூக்கிப் போட்டுவிடலாமா?
– கல்லூரி மாணவி, முதுகுளத்தூர்

பதில்: போடவே போடாதீர்கள்! சத்தம் வருகிறதே, உயிர் இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைமீது சாய்த்து அடியுங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றனவா? கண்மாயில் தண்ணீர் இருக்கிறது, மடைதான் திறக்கவில்லை. அதாவது படம் வருகிறது, பின்னொளி எரியவில்லை. முதலில் வெளிச்சம் கூட்டும் விசையை அழுத்துங்கள். மசியவில்லையா? ஆன் செய்ததும் வரும் கிரப் என்ற தொடக்கப் பட்டியலில் 'ஈ' விசையைத் தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'ஏசிபிஐ_பேக்லைட்=வெண்டார்' என்பதை ஆங்கிலத்தில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு முறைக்குத்தான். பலித்தால் கிரப் அமைப்புக் கோப்பில் எழுதி, 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள்.

டார்ச்சுக்கும் ஒன்றும் தெரியாவிட்டால் சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர்மேல். அதே இடத்தில் 'நோமோட்செட்' சேர்த்து உள்ளே நுழைந்து, சரியான டிரைவரை நிறுவுங்கள்.

லினக்ஸ் என்று மிரளாதீர்கள். 2011-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்கு வந்தது. லினக்ஸ் நம் பிள்ளைகளுக்கு அந்நியமல்ல. இன்றிரவே டார்ச்சை எடுங்கள். எழுத்து தெரிந்ததா என்று எழுதுங்கள்.