ஸ்கேனர் அங்கிள்

டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் போதும், ஸ்கேனர் அங்கிளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். நீங்கள் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்துவதற்குள் கையில் அந்த நீல ஸ்கேனர் பெட்டியோடு நிற்பார். அனுமதி கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, 16 பின் சாக்கெட்டில் பெட்டியைச் செருகுவார். புளூடூத் கிடைக்கும்வரை நாம் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற சொந்தக்காரர் மாதிரி காத்திருக்க வேண்டும்.

போனில் பி0171 என்று கோளாறு எண் வரும்.

"நான் நினைச்சேன் சார். ஆக்ஸிஜன் சென்சார்!"

வேறு எண் வந்தாலும் தீர்ப்பு இதுதான். பி0172 வந்தாலும் ஆக்ஸிஜன் சென்சார். கேட்டலிடிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று பி0420 வந்தால், "அதை யார் சொல்றது? சென்சார்தானே? அவனே ஃபிராடு" என்பார். மைலேஜ் குறைந்தால் சென்சார், பிக்கப் இல்லையென்றால் சென்சார். மூன்றாம் மாடியில் ஜெனரேட்டர் புகைந்தபோதும் அவர் வாய் அந்த வார்த்தைக்குத்தான் திறந்தது. அதற்குள் மாமி கூப்பிட்டுவிட்டார்.

தீர்ப்போடு ஒரு பிரசங்கமும் உண்டு. 1976-ல் பாஷ் கம்பெனியின் சென்சாரை வால்வோ காரில் முதன்முதலாகப் பொருத்தியதை, பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர் போல விவரிப்பார். உள்ளே இருப்பது சிர்கோனியா. 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பேசும். பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட், காற்று அதிகமானால் 0.1. அத்தனையும் சரி. இவ்வளவு சரியாகச் சொல்கிறவர் கடைசி வரியில் மட்டும் எப்படித் தடம் புரள்கிறார் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.

பி0171 சொல்வது ஒன்றுதான்: கலவையில் காற்று கூடிவிட்டது, பெட்ரோல் போதவில்லை. அதைக் கண்டுபிடித்துச் சொன்ன சென்சாரையே கழற்றி எறிவார் இவர். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? ஏர் ஃபில்டருக்கு அப்பால் எங்காவது ஓஸ் வெடித்திருக்கலாம். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று புகலாம். ஃப்யூயல் பம்ப் தளர்ந்திருக்கலாம். சென்சார் மேலேயே சந்தேகமா? அவர் போனிலேயே அதன் வோல்ட்டேஜ் கிராஃப் ஓடும். இன்ஜின் சூடானபின் அது ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தால் 0.9 பக்கம் போக வேண்டும், காலை எடுத்தால் தரைக்கு விழ வேண்டும். அப்படி ஆடினால் பெரும்பாலும் அது நல்ல சென்சார். இரண்டு நிமிஷ வேலை. அந்தப் பக்கத்தை அங்கிள் திறந்து ஒருவரும் பார்த்ததில்லை.

அவர் திறக்கிற பக்கம் வேறு. "எரேஸ் பண்ணிடறேன், விளக்கு போயிடும்." போய்விடும், உண்மைதான். கோளாறு பதிவானபோது இன்ஜின் எவ்வளவு சூடு, எத்தனை ஆர்.பி.எம்., என்ன வேகம் என்று வண்டி குறித்து வைத்திருந்த தகவலும் கூடவே போய்விடும். அப்புறம் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் தம்பி, "யார் சார் அழிச்சது?" என்று தலையில் கை வைத்துக்கொள்வார். மறுபடி விளக்கு எரியும்வரை நாம் ஊரைச் சுற்ற வேண்டும், நம் பெட்ரோலில். இதற்குச் சிரிக்க எனக்குத் தெம்பில்லை.

இரண்டாம் மாடி டீச்சர் அவர் பேச்சைக் கேட்டுச் சில ஆயிரம் கொடுத்துப் புது சென்சார் போட்டார். விளக்கு திரும்பி வந்தது. "டூப்ளிகேட் போட்டுட்டான் மேடம்" என்றதும் இன்னொன்று போட்டார். அப்போதும் விளக்கு வந்தது. கடைசியில் மெக்கானிக் தம்பி கிளாம்ப்புக்கு அடியில் கீறல் விட்டிருந்த ஓஸை மாற்றினார். சில நூறில் முடிந்தது. அங்கிள் முகத்தில் அசடு வழியும் என்று பார்க்கிங்கே காத்திருந்தது.

"பாத்தீங்களா? ஓஸ் கிழிஞ்சதால சென்சார் குழம்பிடுச்சு. நான் சென்சார்னுதானே சொன்னேன்?"

திட்டவும் முடியவில்லை. நள்ளிரவில் பேட்டரி இறங்கிவிட்டதென்று போன் செய்தால் லுங்கியோடு ஜம்பர் கேபிளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற ஒரே ஆள் அவர்தான். டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார். காசு வாங்கியிருந்தால் எப்போதோ சண்டை போட்டிருக்கலாம்.

சமீபத்தில் டாக்டர் வீட்டுக்கு மின்சாரக் கார் வந்தது. பெட்ரோல் இல்லை, சைலன்சர் இல்லை, புகை இல்லை. ஆக்ஸிஜன் சென்சாருக்கு அதில் வேலையே இல்லை. அங்கிள் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து டார்ச் அடித்து அடியில் பார்த்தார். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"எங்கயோ உள்ள வச்சிருப்பான் சார். இப்பல்லாம் மறைச்சுத்தான் வைக்கிறானுங்க."