ஆறு பன்னீர்செல்வம், ஒரு பலாப்பழம்

ஓ. பன்னீர்செல்வத்துக்குத்தான் ஓட்டு என்று உறுதியாக முடிவெடுத்துச் சாவடிக்குள் போனாலும், "எந்த ஓ. பன்னீர்செல்வம்?" என்று இயந்திரம் திருப்பிக் கேட்டது. 2024 மக்களவைத் தேர்தல், ராமநாதபுரம். மொத்தம் ஆறு பேர். ஒருவர் மூன்று முறை முதல்வராக இருந்தவர். மற்ற ஐவருக்கும் அதே பெயர், அதே இனிஷியல். கட்சிக்கு ஆள் சேர்ப்பதுதான் கஷ்டம். பெயர் சேர்ப்பது சுலபம் போலிருக்கிறது.

சின்னங்கள் அவரைப் படுத்திய பாட்டுக்கு வரலாறு உண்டு. மெரினாவில் தியானம் கலைந்து தர்மயுத்தம் தொடங்கிய 2017-ல், இரட்டை இலையைத் தேர்தல் ஆணையம் முடக்கியது. அவர் அணிக்கு மின்கம்பம், எதிரணிக்குத் தொப்பி. பிறகு அந்தத் தொப்பிக்காரர்களில் பாதிப் பேரோடு கைகோத்து இலையை மீட்டார். 2022-ல் அவரையே இலையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள்.

கடைசியில் கிடைத்தது பலாப்பழம். (அவர் அணியில் இருந்த மூத்தவர் பண்ருட்டி ராமச்சந்திரன். இதைவிடப் பொருத்தம் ஜாதகத்தில்கூட அமையாது.) ஆனால் பலாவை உரிக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பால் ஒட்டிக்கொள்ளும். அவர் கூட்டணி வைத்த பாஜகவுக்கு அந்தப் பக்குவம் தெரியும், கையில் எதுவும் ஒட்டவில்லை. ஏணி சின்னத்தில் நின்ற நவாஸ் கனி வென்றார். பலா இரண்டாமிடம். இரட்டை இலை அதற்கும் பின்னால்.