மூக்கு யார் பங்கு?

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கால் வாசற்படியில், ஒரு கால் வராண்டாவில். அதற்குள் திண்டிவனத்து அத்தை தீர்ப்பை வாசித்துவிட்டார்: "பெரியவ அப்படியே அவங்க அம்மா. சின்னவன் இருக்கானே, உரிச்சு வெச்ச மாதிரி நம்ம சைடு!"

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை. அத்தை அப்படிச் சொன்ன நேரத்தில் நம்ம சைடு வாரிசு வராண்டாவில் மல்லாந்து கிடந்து, அக்கா தன்னைப் பார்த்துவிட்டாள் என்று அழுதுகொண்டிருந்தான். அடித்தாள் என்று அல்ல, பார்த்தாள் என்று. எங்கள் பரம்பரையில் யார் இப்படி அழுதார்கள் என்று கேட்கலாம்தான். கேட்டால் அத்தை சொல்லிவிடுவார். அந்தப் பயத்தில் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.

ஒன்பது வயசுப் பெண்ணும் ஐந்து வயசுப் பையனும் ஒரே வீட்டில் வளர்வதைப் பார்த்ததில் எனக்கு மூன்று விஷயங்கள் பிடிபட்டிருக்கின்றன. மூன்றாவதுதான் முக்கியமானது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குமுன் இந்த அத்தை விவகாரத்தை ஒரு வழியாக முடித்துவிடுகிறேன்.

நம் வீடுகளில் குழந்தை பிறப்பதில்லை. பாகப்பிரிவினைக்கு ஒரு சொத்து வந்து சேர்கிறது. பிரசவ வார்டு வாசலிலேயே சார்பதிவாளர் ஆபீஸ் திறந்துவிடும். நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்த பொட்டலத்தில் வெளியே தெரிவது ஒரு மூக்கும் பாதி நெற்றியும்தான். அது போதும், அளந்து கல் நட்டுவிடுவார்கள். நெற்றி தாத்தா வகையறா. காது சித்தப்பாவுடையது. புருவம் பெரியம்மாவிடமிருந்து செட்டில்மென்ட்டாக வந்தது. நிறத்துக்கு மட்டும் பதிவு கிடையாது, "ஆறு மாசம் போகட்டும், நிறம் மாறும்" என்று வாய்தா. ஆறு மாசம் கழித்து நிறம் நன்றாகத் தேறிவந்தால் இரண்டு கட்சியும் ஆஜர். தேறாவிட்டால் இரண்டு பக்கமும் கேவியட்கூடப் போடாமல் ஒதுங்கிக்கொள்ளும்.

மூக்கில்தான் பெரிய வழக்கு. என் மகளுக்குக் கொஞ்சம் எடுப்பான மூக்கு. அத்தையைப் பொறுத்தவரை அது எங்கள் பூர்வீகச் சொத்து. நாங்கள் இருக்கிற இந்த மரக்காணம்தான் சங்க காலத்து எயிற்பட்டினம், சிறுபாணாற்றுப்படை நல்லியக்கோடனைப் பாடப் போகிற வழியில் வருகிற ஊர் இதுதான் என்று அறிஞர்கள் சொல்வதுண்டு. அத்தையை விட்டால் அந்த நல்லியக்கோடன் அரண்மனையிலிருந்தே மூக்குக்கு மூலப்பத்திரம் எடுத்துவருவார். ஆனால் செய்யூரில் இருக்கிற என் மாமியாரிடமும் அதே மூக்குக்குப் பட்டா இருக்கிறது. சிட்டா, அடங்கல் எல்லாம் பக்கா. ஒரே சர்வே நம்பருக்கு இரண்டு பட்டா. எனக்குத் தெரிந்து அனுபோகத்தில் இருப்பது சளி மட்டும்தான்.

உடம்பு முடிந்ததும் குணத்துக்கு உட்பிரிவு ஆரம்பம். கணக்கில் நல்ல மார்க் வாங்கினால் அது நஞ்சை, இரண்டு பக்கத்து ஆட்களும் வேலி போட வந்துவிடுவார்கள். பிடிவாதம் புஞ்சை. அதை "உங்க வீட்டு ராசி" என்று எதிர்த்தரப்புக்கு எழுதிக்கொடுத்துவிடலாம். ராத்திரியில் பல்லைக் கடிப்பது, பொய் சொன்னால் இடது காதைத் தடவுவது, தோசையில் நடுவை மட்டும் பிய்த்துத் தின்பது, இதெல்லாம் புறம்போக்கு. எந்தப் பக்கத்துப் பெரியவரும் உரிமை கோரமாட்டார். என் மகனுக்குத் தலையில் இரட்டைச் சுழி. அதற்கு வில்லங்கச் சான்றே போட்டுவிட்டார்கள்: ரெண்டு கல்யாணம். பையன் ஒன்றாம் வகுப்பு. அவனுக்கு ரெண்டு கல்யாணம் என்றால் ரெண்டு தடவை ஐஸ்கிரீம் என்று அர்த்தம். அதனால் போகிற வருகிறவர்களிடமெல்லாம் தலையைக் குனிந்து சுழியைக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

இந்தப் பத்திரத்தில் பெற்றவர்களுக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். சாட்சிக் கையெழுத்து. அதுவும் என் மனைவி போடுகிற கையெழுத்து வெறும் பார்வைதான். அத்தை "அப்படியே அவங்க அம்மா" என்று சொன்னது பாராட்டா, புகாரா என்று இன்றுவரை விசாரணை நடக்கிறது. விசாரிக்கப்படுவது நான்.

போகட்டும். இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். முதலாவது மேலே எங்கேயோ வந்துவிட்டது.

மரக்காணத்துக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கு இரண்டு தேவை உண்டு. உப்பளத்தைப் பார்க்கவேண்டும், போகும்போது ஒரு பை கல் உப்பு வேண்டும். உப்பைக் கையில் வாங்கினால் சண்டை வரும் என்று தரையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். 3,000 ஏக்கருக்கு மேல் உப்புப் பாத்தி விரிந்து கிடக்கிற ஊரில் நாங்கள் எத்தனை உப்பைக் கையில் வாங்கியிருப்போம்! என் பிள்ளைகள் காலையில் பல் விளக்குவதற்குமுன் போடுகிற சண்டைக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

ஆக, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் அளத்துக்குப் போனோம். அளத்தில் வேலை விடிவதற்குமுன்பே தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். சாயங்காலம் போனால் குவித்த உப்பும் நாங்களும்தான். நான் அங்கே லோடு கணக்கும் கூலிக் கணக்கும் எழுதுகிறவன். ஆனாலும் அன்றைக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பை என் மகள் எடுத்துக்கொண்டாள். "பாட்டி, சும்மா தண்ணி விட்டா உப்பாயிடாது. கடல் தண்ணி மூணு டிகிரிதான் இருக்கும். பாத்தி பாத்தியா மாத்தி மாத்தி வெயில்ல காயவெச்சு இருபத்தஞ்சு டிகிரி வந்தாதான் உப்பு பூக்கும். முப்பதுக்கு விட்டா கசந்துடும், அந்தத் தண்ணியைத் தொறந்து விட்டுடணும்." எல்லாம் சரி. போமே என்று அதற்கென்று ஒரு மீட்டரே இருக்கிறது. மிதக்கவிட்டுப் பார்க்கவேண்டும். கசப்பு என்று அவள் சொன்னது மெக்னீசியம்.

அவள் இவ்வளவும் சொல்லிக்கொண்டிருக்க, பையன் உப்புக் குவியலை நக்கிக்கொண்டிருந்தான். ஒன்றை நக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனான். அதையும் நக்கினான். பிறகு எங்களிடம் வந்து, "அது நல்லால்ல" என்று முதல் குவியலைக் காட்டினான். அவன் சொன்னதும் சரிதான். முதல் குவியலில் மண் கலந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்கள் மேஸ்திரி கையில் அள்ளி வெளிச்சத்தில் பார்ப்பார்.

ஆனால் அத்தை என்ன சொன்னார்? "பெரியவளுக்கு என்ன பொறுப்பு! சின்னது சரியான வாலு." முடிந்தது. ஒருத்தி சொன்னாள், ஒருத்தன் சோதித்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. உப்புத் தண்ணீருக்கு டிகிரி பார்க்கவாவது ஒரு மீட்டர் வைத்திருக்கிறோம். பிள்ளைக்கு டிகிரி பார்க்க அத்தைக்குக் கண்ணே போதும். (உப்பளத்து ஊர்க்காரன் குழந்தை வளர்ப்பை உப்பு விளைச்சலோடு ஒப்பிட்டு உருக்கமாக ஒரு பாரா எழுதுவான் என்று காத்திருந்தால் மன்னிக்கவும். உப்புக்கு வருஷத்தில் மழைக்கால விடுமுறை உண்டு.)

இந்த மூத்தது பொறுப்பு, இளையது வாலு என்கிற கதை திண்டிவனத்தில் பிறந்ததல்ல. வியன்னாவில் ஆல்ஃபிரட் ஆட்லர் என்கிற மனோதத்துவ நிபுணர் போன நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே இதற்கு ஒரு கோட்பாடு கட்டிவிட்டார். பிறந்த வரிசைப்படி குணம் அமையும் என்றார். அவர் வீட்டில் அவர் இரண்டாவது பிள்ளை. அவருடைய அண்ணன் பெயர் சிக்மண்ட். பிற்பாடு அவர் முறைத்துக்கொண்டு பிரிந்துவந்த மூத்த சகாவின் பெயரும் சிக்மண்ட், சிக்மண்ட் ஃபிராய்ட். ஒரு மனிதனுக்கு இரண்டு சிக்மண்டுகள் வாய்த்தால் அவன் அண்ணன்மார்களைப் பற்றிக் கோட்பாடு எழுதாமல் என்ன செய்வான்?

2015-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாடுகளிலும் 20,000 பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை அலசிப் பார்த்தார்கள். மூத்தவர், இளையவர் என்பதால் பொறுப்போ, கூச்சமோ, பிறரோடு ஒத்துப்போகும் குணமோ மாறுவதாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். மூத்தவர்களுக்கு அறிவுச் சோதனையில் ஒரு துளி கூடுதல், அவ்வளவுதான். இதை நான் அத்தையிடம் சொன்னேன். "அவங்க நம்ம வீட்டுக்கு வந்து பாக்கலையே" என்றார். இதற்கு அந்த ஜெர்மானியர்களிடம் பதில் இருக்காது.

எனக்கும் வேறு வழியில் சந்தேகம் வந்தது. வீட்டில் வாய் ஓயாத பையனைப் பற்றி அவனுடைய டீச்சர், "ரொம்ப அமைதி சார், கேட்டாதான் பேசுவான். கொஞ்சம் பேச வைங்க" என்றார். வேறு யாரையோ சொல்கிறாரோ என்று அவனைத் திரும்பிப் பார்த்தேன். கைகட்டி நின்றுகொண்டிருந்தான். அதே பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வாசலில், எங்கள் வீட்டுப் பொறுப்பு முட்டிபோட்டுக்கொண்டிருந்தது. வகுப்பில் விசிலடித்ததாம். விசிலடிக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஜூடித் ரிச் ஹாரிஸ் என்கிற அமெரிக்க அம்மாள் 1998-இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் அடித்துச் சொல்கிறார்: பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு முகம், வெளியே ஒரு முகம் வைத்திருப்பார்கள், வீட்டு முகத்தைப் பார்த்துப் பெற்றவர்கள் ஏமாறுவார்கள். அப்படியென்றால் நல்ல முகத்தையாவது வீட்டுக்கு ஒதுக்கியிருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.

இனி அந்த மூன்றாவது விஷயம்: நாம் ஒட்டுகிற சீட்டைப் பிள்ளைகள் கிழித்துப்போடுவதில்லை, அதை வைத்துச் சம்பாதிக்கிறார்கள். பையன் போன வாரம் என் செல்போனைத் தண்ணீர்க் குடத்தில் போட்டான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்வதற்குள் அவனே சொன்னான்: "எனக்கு விவரம் தெரியாதுப்பா. நான் சின்னப் பையன்." விவரம் தெரியாது என்று சொல்கிற அளவுக்கு விவரம் தெரிந்தவனை என்ன செய்வது? மகள் அதற்கும் மேலே போய்விட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் அளத்து ஆட்களுக்குக் கூலி பிரித்துக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள். என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறாள். "தம்பிக்கு செருப்பு மாட்டியது 2 ரூ. தம்பியை ஸ்கூலில் இருந்து கூட்டி வந்தது 5 ரூ. தம்பி அடித்தும் திருப்பி அடிக்காதது 10 ரூ." கடைசி வரியில் பெரிய எழுத்தில்: "பாக்கி." முதலாளி அந்த நோட்டைப் பார்த்துவிட்டு என்னிடம், "யாருய்யா இந்த ஆளு, கூலி நியாயமாதான் கேட்டிருக்கு" என்றார்.

நியாயம்தான். அவளுக்குக் கொடுத்த பொறுப்பு என்கிற பட்டத்தோடு சம்பளம் எதுவும் வரவில்லையே. "நீதானே பெரியவ, விட்டுக்கொடு" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! தம்பி பிறந்த அன்று அவளுக்கு நாலு வயசு. இன்றைக்கு இவன் அன்றைய அவளைவிட ஒரு வயசு பெரியவன். இவனைப் பார்த்து யாரும் பெரியவன் என்று சொல்வதில்லை. எனக்கே இது கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது, என் எரிச்சலை யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் பையனிடம் காட்டினேன். அவன் விவரம் தெரியாது என்றான்.

அத்தை வண்டி ஏறியதும் என் அம்மா ஆரம்பித்தார். "வந்தவ கண்ணு நல்ல கண்ணு இல்ல. பிள்ளைங்களுக்குச் சுத்திப் போடணும்." உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். இதிலும் யார் முதலில் என்று தகராறு. எனக்குத்தான் கண்ணு நிறைய பட்டிருக்கு என்று இவள். என்னைத்தான் பாட்டி ரொம்ப நேரம் பார்த்தாங்க என்று அவன். தனித்தனியாகச் சுற்றி, தனித்தனிக் கைப்பிடியாக அடுப்பில் போடவேண்டியதாயிற்று. பெண்ணின் உப்பு படபடவென்று வெடித்தது. பையனுடையது இரண்டு சத்தத்தோடு அடங்கிவிட்டது. "எனக்குக் கண்ணே படலை" என்று அவன் மறுபடியும் மல்லாந்துவிட்டான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அதெல்லாம் கண்ணு இல்லம்மா. கல் உப்புக்குள்ள பொடிப்பொடியா தண்ணி மாட்டிக்கிட்டு இருக்கும். சூடு பட்டா அது ஆவியாகி உப்பை உடைச்சுக்கிட்டு வெளிய வரும், அந்தச் சத்தம்தான். கல்லு கல்லா இருந்தா வெடிக்கும், தூளா இருந்தா வெடிக்காது. இவனுக்கு நீ எடுத்தது ஜாடியோட அடித்தூள்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மருமகளிடம் திரும்பி, "பாத்தியா, நேரங்காலம் தெரியாம விளக்கம் சொல்றது. இது எங்க சைடுல யாருக்கும் கிடையாதும்மா" என்றார்.

பையனுக்குப் புதுசாக ஒரு கைப்பிடி, நல்ல பருங்கல்லாகப் பொறுக்கி எடுத்துச் சுற்றிப் போட்டார்கள். அமோகமாக வெடித்தது. மிளகாய் நெடியில் நாலு வீடு தள்ளி இருமினார்கள்.