குக்கரும் குக்கியும்

கேள்வி: கோவண்டியில் ஒரு குக்கரின் விலையைச் செல்பேசியில் பார்த்துவிட்டு ஹார்பர் லைன் ரயிலில் ஏறியவரை, சி.எஸ்.எம்.டி. நிலையம் வரை அதே குக்கரின் விளம்பரம் துரத்துவது ஏன்? (வாசகர், கோவண்டி, மும்பை-43)

பதில்: துரத்துவது குக்கர் அன்று, குக்கி. ஓர் இணையதளம் பிரவுசரிடம் கொடுத்துவைத்து, மறுமுறை வரும்போது திரும்ப வாங்கிப் பார்க்கும் சிறு எழுத்துக் குறிப்பே குக்கி. வந்தவரை உடனே மறந்துவிடும் இணைய நெறிமுறைக்கு நினைவாற்றல் தர, 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுலி இதை உருவாக்கினார். கடைக்காரரின் குக்கி இல்லையெனில் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்தில் காணாமற்போகும் என்பதால், அதைப் பழிப்பதற்கில்லை. பழிக்குரியது, பல தளங்களிலும் இடம்பிடித்திருக்கும் விளம்பர நிறுவனம் வைக்கும் மூன்றாம் தரப்புக் குக்கி; அது பெயரைக் கேட்பதில்லை, ஓர் அடையாள எண்ணைச் சூட்டி, அந்த எண் எங்கெல்லாம் தலைகாட்டியது என்று தொகுக்கிறது. குக்கரைக் கடையில் வாங்கிச் சோறு பொங்கிய பின்னும் விளம்பரம் ஓயாததற்கு, வாங்கிய செய்தி அந்த நிறுவனத்துக்கு எட்டாததே காரணம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவைத் தந்த அதே எளிமையுடன் திரும்பப் பெறவும், அறிவிப்பைத் தமிழிலேயே படிக்கவும் வழிசெய்கிறது. நடைமுறையோ ஸ்லோ லோக்கல். அது வந்து சேரும்வரை, பிரவுசரின் செட்டிங்ஸில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுத்துவைப்பது நல்லது.