உப்பு போட்ட பதில்கள்

கிறிஸ்துமஸுக்கு முதல் ஆளாகக் கோயிலில் நிற்கும் என் வீட்டுக்காரர், தவக்காலத்தில் தட்டுப்படுவதே இல்லையே?

டிசம்பரில் உப்புப் பாத்தியில் மழைத்தண்ணீர், ஆள் கோயிலில். தவக்காலம் முடிந்து வரும் ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில்தான் விழும். மரக்காணத்தில் அது உப்பு விளையும் காலம்! விடியுமுன் உப்புத்தண்ணீரில் இறங்கி, வெடித்த குதிகாலோடு வருகிற மனிதர். பெரிய வியாழனன்று சாமியார் கழுவுவதற்குப் பன்னிரண்டு பேரைத் தேடுவாரே, அந்தக் காலைக் காட்டுங்கள்.

உப்பு சாரமற்றுப் போகும் என்கிறது பைபிள். நாற்பது வருடமாக உப்பு வாருகிறேன், அப்படி ஓர் உப்பைக் கண்டதில்லை.

சுத்தமான உப்பு சுவை இழக்காதுதான். மண்ணோடு கலந்த உப்பு நனைந்தால், உப்பு கரைந்து ஓடிவிடும், மண் மிஞ்சும். உங்கள் அம்பாரத்தின் அடியில் பார்த்ததில்லையா? குற்றம் உப்பின் மீதல்ல, கூட்டாளியின் மீது.

மருமகள் குழம்பில் உப்பு போட மறந்துவிடுகிறாள். ஜெபம் சொல்லிச் சாப்பிட மனமே வரவில்லை!

உப்பளத்து ஊரிலேயே உப்புக்குப் பஞ்சமா! கத்தோலிக்கரின் பழைய ஞானஸ்நானச் சடங்கில் குழந்தையின் நாக்கில் உப்பு வைப்பார்கள், ஞானத்தின் அடையாளமாக. 1969-இல் வந்த புதிய சடங்கில் அது இல்லை. மருமகளுக்கு வைத்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு?

பூசை நடுவே திரும்பிப் பார்த்தால் லோத்தின் மனைவி மாதிரி உப்புத்தூண் ஆகிவிடுவேனா?

மரக்காணத்தில் போய் இன்னொரு உப்புத்தூணா? யார் வாங்குவார்கள்! அது கிடக்கட்டும், யாரைத் திரும்பிப் பார்த்தீர்கள்?