பன்னிரண்டு அடித்தால் கடை சாத்தியாச்சு

பிரெஞ்சுக்காரர்கள் சிடுமூஞ்சிகள் என்று சொல்கிறவர்கள், அவர்களை மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பார்க்காதவர்கள். காலையில் "இந்தத் தாள் போதாது, கரண்ட் பில்லும் வேண்டும்" என்று ஈவிரக்கமில்லாமல் திருப்பி அனுப்பிய வங்கி அம்மாள், பக்கத்து உணவகத்தில் வாத்துக்கறியின் முன்னால் அப்படிச் சிரித்துக்கொண்டிருப்பார். மனுஷி மாறவில்லை, மணிதான் மாறியிருக்கிறது.

லியோனில் என் ஆபீசில் யாரும் மேசையில் டப்பாவைத் திறப்பதில்லை. காரணம் நாகரிகம் மட்டுமில்லை. வேலை பார்க்கிற இடத்தில் ஊழியர்களைச் சாப்பிட விடக்கூடாது என்று தொழிலாளர் சட்டத்திலேயே ஒரு விதி இருக்கிறது. கொரோனா வந்து, 2021 பிப்ரவரியில்தான் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். புரட்சி செய்து ராஜாவின் தலையை எடுத்த தேசம், தயிர்சாத டப்பாவுக்கு அவ்வளவு பயந்திருக்கிறது!

சனிக்கிழமையானால் பையை மாட்டிக்கொண்டு தனியாக ரயிலேறிவிடுவேன். நம்மூர் ரயிலாக இருந்தால் விழுப்புரம் தாண்டுவதற்குள் என் சம்பளம், ஜாதகம், கல்யாணம் ஆகாத காரணம் மூன்றும் பெட்டி முழுக்கத் தெரிந்திருக்கும். இங்கே முழங்கால் இடிக்க எதிரில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு மணி நேரம் வாயே திறக்கமாட்டார். ஆனால் நான் சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்த அடுத்த நொடி, புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே "போன் அப்பெத்தீ" என்பார். நன்றாகச் சாப்பிடு என்று வாழ்த்துகிறாராம். அதோடு சரி, மறுபடி மௌனவிரதம்.

வேலைநிறுத்தம் வந்தால் பயணம் போச்சு என்று பயப்படவேண்டாம். இங்கே அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. 2007-இல் வந்த சட்டப்படி, ரயிலை ஓட்டுகிறவர்கள் போன்றோர் வேலைக்கு வரமாட்டேன் என்பதை 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லியாக வேண்டும். எந்த ரயில் ஓடும், எது ஓடாது என்று முதல் நாளே பட்டியல் வந்துவிடும். பல நாள் ரயிலைவிட வேலைநிறுத்தம்தான் சரியான நேரத்துக்கு வருகிறது என்பது என் அபிப்பிராயம். ஊர்வலத்திலும் கோஷத்துக்கு முன்னால் மெர்கேஸ் சாஸேஜ் வறுபடும் வாசனைதான் வந்து சேரும். வெறும் வயிற்றோடு அரசாங்கத்தைத் திட்டுவது இவர்களுக்குப் பழக்கமில்லை.

தனி ஆளுக்கு உணவகத்தில் கிடைப்பது பெரும்பாலும் கழிப்பறைக்குப் பக்கத்து மேசை. பரவாயில்லை, அங்கிருந்து எல்லாம் தெரியும். ஒருநாள் அன்னெசி என்ற ஊரில் அடுத்த மேசை அமெரிக்கர், முக்கோணமாக வந்த பிரீ சீஸின் கூர்முனையைச் சட்டென்று வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். ருசி கூடின நடுப்பகுதி அந்த முனைதான். எல்லாருக்கும் அதில் பங்கு வரும்படி நீளவாக்கில் சீவவேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். எதிரிலிருந்த பாட்டியம்மாள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். கணவரைப் பார்த்தார். கணவர் ஜன்னலைப் பார்த்தார். அந்த அமெரிக்கர் ஒரு தேவாலயத்தையே இடித்திருந்தாலும் இவ்வளவு துக்கம் வந்திருக்காது.

சீஸுக்கே இப்படி என்றால் ரொட்டிக்குக் கேட்கவேண்டுமா? பாரிஸில் ரொட்டிக்கடைக்காரர் இஷ்டத்துக்குக் கோடை விடுமுறை போகமுடியாதபடி நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்தது. பாதிப் பேர் ஜூலை, பாதிப் பேர் ஆகஸ்ட் என்று முறை வைத்திருந்தார்கள். 2015-இல்தான் அது போனது. ஜனங்களுக்கு ரொட்டி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது இவர்களுக்குச் சரித்திரப் பாடம்.

நீங்களும் தனியாக வருவதாக இருந்தால் எந்த ஊரை வேண்டுமானாலும் பாருங்கள். கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்பதற்கு முன்னால் "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாதவருக்கு இங்கே கண்ணெதிரே இருக்கும் ரொட்டியும் தீர்ந்துபோயிருக்கும். பன்னிரண்டே காலுக்குள் ஒரு நாற்காலியைப் பிடியுங்கள். குழாய்த் தண்ணீர் தைரியமாகக் கேளுங்கள், காசு கிடையாது. இரண்டு மணிக்கு மேல் போனால் சின்ன ஊர்களில் சமையலறையைச் சாத்தியிருப்பார்கள். அப்புறம் திறந்திருப்பது கெபாப் கடைதான்.